பதிப்பு 0.3 பற்றிச் சில குறிப்புகள்

நெரிஷா,
ஒன்பதரைக்கு மின்சாரம் திரும்பியதும்
உன் விண்கலத்தில் ஏறினேன்.
முதல் புகார் பெயரைப் பற்றி.
'நட்சத்திரச் சிறகு' என்று
எந்தச் சரக்குக் கப்பலுக்கும் பெயர் இருக்காது.
டர்பன் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடமாகப்
பெட்டி எண்ணுகிறவன் சொல்கிறேன்:
முதலாளியின் பெண்டாட்டி பெயர் இருக்கும், இல்லை மகள் பெயர்.
எனக்கு இரண்டும் இல்லாததால்
மாடிவீட்டு நாயின் பெயரை வைத்துவிட்டேன்.
இப்போது 'பிஸ்கட்' சனியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, சந்தை.
குவளை நிலவில் பனிக்கட்டி நாற்பது,
கந்தகம்-மூன்றில் நாற்பத்தொன்று.
ஒரு காசுக்காக யார் எரிபொருளை எரிப்பார்கள்?
அதுவும் தினமும் அதே விலை,
பள்ளிக்கூட மணி மாதிரி.
இங்கே பிளஃப் குன்றுப் பக்கமிருந்து காற்று கிளம்பினால்
பாரந்தூக்கிகள் கையைக் கட்டிக்கொள்ளும்.
வெளிக்கடலில் பதினெட்டுக் கப்பல்
விளக்கேற்றி நிற்கும், ஒரு சின்ன ஊர் போல.
உள்ளே வெங்காயம் முளைவிடும்.
காத்திருப்பதற்கும் ஒரு விலை போடு.

மூன்று: கதவு பூனையின் வாலில் மூடுகிறது.
நான்கு: பூனை எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் இருக்கட்டும்.

ஐந்தாவது, ஆட்கள்.
மாலுமி ஸோலானி, பொறியாளர் ரங்கநாயகி,
சமையல்காரர் இருசப்பன்.
பெயர்களை எங்கே பிடித்தாய்,
சாட்ஸ்வொர்த்தின் பழைய தொலைபேசிப் புத்தகத்திலா?
பழைய எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைத்தது;
மூன்று நிலையம் யாருக்கும் சம்பளம் தரவில்லை.
மனநிலைக் கோடு பச்சையிலிருந்து மஞ்சளாகி
மஞ்சளிலிருந்து ஏதோ ஆகியிருக்கிறது.
நான் பனிக்கட்டி விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான்காம் நிலையம் தாண்டி,
'சூப் இல்லை' என்று கப்பல் சொன்ன பிறகுதான்
மேலே போய்த் தேடினேன்.
சாம்பல் நிறத்தில், எறும்பளவு எழுத்தில்:
'இருசப்பன் இறங்கிவிட்டார்.'
இது யார் கண்ணிலும் படாது.
சிவப்பாக்கு. மணி அடிக்க வை.

இதுவரை புதன்கிழமை எழுதியது.

வியாழன் பகல், இரண்டாம் பியர்.
ஏணியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்,
ஆரஞ்சு உடுப்பு, முழங்கையில் கிரீஸ்.
சிம் கார்டு எங்கே கிடைக்கும் என்று
காதருகே கையை வைத்துக் கேட்டார்.
எத்தனை மாதமாகக் கப்பலில் என்று நான் கேட்கவில்லை.
அவராகவே பத்து விரலைக் காட்டினார்,
பிறகு ஒன்று.
என் வாயில் பென்சில்,
தலைக்குள் பாதிப் பெட்டி எண்.
வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.
வாசல் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்.
அவர் அந்தத் திசையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு
ஏணிக்கே திரும்பினார்.
நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியது.
ஒரு பெட்டிகூடக் குறையவில்லை.

அதனால் ஐந்தாம் குறிப்பின் கடைசி வரியை அடித்துவிடு.
மணி வேண்டாம்.
எழுத்து சாம்பலாகவே இருக்கட்டும்,
இன்னும் கொஞ்சம் சிறிதாக்கினாலும் சரி.

0.4 சனிக்கிழமை வந்து சேர்ந்தது, நன்றி.
பூனை வால் பிழைத்தது.
கந்தகம்-மூன்றின் மதுக்கடையில்
இருசப்பனை நிற்க வைத்திருக்கிறாய்.
இரட்டைச் சம்பளம் கேட்கிறார்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு,
அதுவும் எழுத்தில்.
எஞ்சினை விற்றுக் கையெழுத்துப் போட்டேன்.
அன்று இரவே அடுப்பு எரிந்தது,
திரையில் நாலு பழுப்புக் கட்டம், மேலே ஆவி.
"பீன்ஸ் பன்னியா?" என்றான் பின்னால் போன மச்சான்.
இருக்கலாம் என்றேன்.

அப்போது மின்சாரம் போனது.
வீட்டிலிருக்கும் ஒரே இன்வெர்ட்டர்
குளிர்பெட்டிக்குத்தான்.
இருட்டில் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்கிறேன்,
கைப்பேசியில் ஒன்பது சதவீதம்:
உன் ஆட்டம் தானாக எதையும் சேமிப்பதில்லை, நெரிஷா.
விளக்கு வந்ததும் இருசப்பன் எங்கே நிற்பார்,
அடுப்படியிலா, மதுக்கடையிலா?

இதை மட்டும் சிவப்பில் குறித்துக்கொள்.